வாசகர் கேள்வி பதில்: சிறுநீர்ச் சிக்கல்களில் பொறுக்கக்கூடியதும் பொறுக்கக்கூடாததும்

இந்த இதழுக்காக வந்த கடிதங்களில் பெரும்பாலானவை "யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது" என்ற வரியுடன் தொடங்குகின்றன. ஆகவே எழுதியவர்களின் பெயர்களை நீக்கி ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன். எந்தத் தொல்லைக்கு ஒரு மாதம் பொறுத்திருக்கலாம், எதற்கு ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கக்கூடாது என்பது தெரியாததால்தான் பலர் இழக்கக்கூடாததை இழக்கிறார்கள். பதில்களை எழுதும்போது அதையே முதன்மையாக மனத்தில் கொண்டேன்.

கேள்வி: எனக்கு வயது 61. சாயப்பட்டறையில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தேன். பீடிப் பழக்கம் உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். சென்ற மாதம் ஒரு நாள் காலையில் சிறுநீர் ரத்தமாகப் போனது. வலி இல்லை. உடற்சூடு என்று இளநீர் குடித்தேன், மறுநாளே சரியாகிவிட்டது. அந்த மாத்திரையால்தான் ரத்தம் வந்ததா? (வாசகர், ஈரோடு)

பதில்: வலி இல்லை, தானாகவே நின்றுவிட்டது என்ற இரண்டும் உங்களுக்கு நிம்மதி தந்திருக்கின்றன. எனக்கு அந்த இரண்டும்தான் கவலை தருகின்றன. கல்லாலோ கிருமித்தொற்றாலோ ரத்தம் வந்தால் அதனுடன் வலியோ கடுப்போ காய்ச்சலோ பெரும்பாலும் சேர்ந்து வரும். சிறுநீர்ப்பையின் உட்சுவரில் முளைக்கும் கட்டி தொடக்கத்தில் எந்த வலியையும் தருவதில்லை. ஒரு நாள் கசியும். பிறகு வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில், எந்த அறிகுறியும் காட்டாமல் கிடக்கும். அந்த இடைவெளியில் நோயாளி இளநீரோ நீர்மோரோ குடித்திருந்தால், குணமானது அதனால்தான் என்று நம்பிவிடுகிறார்.

மாத்திரையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை, ஏற்கெனவே புண்ணோ கட்டியோ இருக்கும் இடத்திலிருந்து ரத்தம் எளிதில் கசிய வழிசெய்யும். எனவே அந்த மாத்திரை சாப்பிடுபவருக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தாலும், சாப்பிடாதவருக்குச் செய்யும் அதே பரிசோதனைகள் அனைத்தையும் செய்தாக வேண்டும். அதே நேரத்தில், நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இதயத்தில் வைத்த ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளக்கூடும். அதை உங்கள் இதய மருத்துவரும் சிறுநீரகவியல் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

கண்ணுக்குத் தெரியும் அளவில் சிறுநீரில் ரத்தம் வந்தவர்களை ஆராய்ந்த பல ஆய்வுகளில், ஏறத்தாழ 10 முதல் 20 சதவீதம் பேருக்குச் சிறுநீர் மண்டலத்தில் எங்காவது புற்றுநோய் இருந்திருக்கிறது. உங்கள் வயதும் பீடியும் சாயப்பட்டறையும் அந்த ஐயத்தை வலுப்படுத்துகின்றன. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதிக்குப் புகைதான் காரணம். சாயத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவை, ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் கவனித்து 1895-ஆம் ஆண்டிலேயே லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் அறிவித்தார். சில செயற்கைச் சாயங்களின் மூலப்பொருளான நறுமண அமீன்கள் உடலுக்குள் போய்ச் சிறுநீரில் வெளியேறும்போது, மணிக்கணக்கில் பையின் உட்சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. வேலையை விட்டு இருபது ஆண்டுகள் கழித்தும் அதன் விளைவு தோன்றலாம்.

உங்களுக்கு இரண்டு பரிசோதனைகள் தேவை. முதலாவது, சிறுநீரகத்திலிருந்து பை வரை மருந்து செலுத்திப் பார்க்கும் சி.டி. ஸ்கேன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்த பிறகுதான் அதைச் செய்வார்கள். இரண்டாவது, சிஸ்டோஸ்கோப்பி எனப்படும் உள்நோக்கிப் பரிசோதனை. மரத்துப்போகும் ஜெல்லைத் தடவி, வளையும் மெல்லிய குழாயைச் செலுத்திச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். வயிற்று ஸ்கேன் மட்டும் எடுத்து "நார்மல்" என்று எழுதி வாங்கி வந்தால் போதாது. சிறிய, தட்டையான கட்டிகள் அதில் தப்பிவிடும். கட்டி இருந்து, அது பையின் தசைக்குள் இறங்காமலிருந்தால், சிறுநீர் வரும் பாதை வழியாகவே அதைச் சுரண்டி எடுத்துவிட முடியும். மீண்டும் வளரும் ஆபத்து உள்ளவர்களுக்கு, காசநோய்த் தடுப்பூசியாக நாம் அறிந்த பி.சி.ஜி.யையே பைக்குள் வாரம் ஒரு முறையாக ஆறு வாரம் செலுத்துகிறோம். 1976-இல் வெளியான ஆய்வில் தொடங்கிய இந்த முறை இன்றும் முதன்மை மருத்துவமாக இருக்கிறது. கட்டி தசைக்குள் இறங்கிவிட்டால் பையையே அகற்ற வேண்டிய நிலை வரும். இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையில் இருப்பது சில மாதங்கள்தான். ஒரு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. இந்த வாரமே செல்லுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு வயது 46. ஓராண்டாக அவ்வப்போது சிறுநீர் அரிசி கழுவிய நீர்போல, சில நாள் பால்போலவே வெள்ளையாகப் போகிறது. விருந்துக்குப் போய் வந்த மறுநாள் அதிகம். உடல் இளைத்துவிட்டது. வெள்ளைப்படுதல் என்று ஒருவரும், சிறுநீரகத்தில் உப்பு என்று இன்னொருவரும் மருந்து கொடுத்தார்கள். சரியாகவில்லை. (வாசகர், கும்பகோணம்)

பதில்: விருந்துக்கு மறுநாள் அதிகம் என்று எழுதியிருக்கிறீர்களே, நோயின் முடிச்சை அவிழ்க்கும் குறிப்பு அதுதான். நாம் உண்ணும் கொழுப்பு, குடலிலிருந்து நேராக ரத்தத்துக்குப் போவதில்லை. நிணநீர்க் குழாய்கள் அதைப் பால்போன்ற நீராக ஏந்தி மார்புக்கு எடுத்துச் சென்று அங்கே ரத்தத்தில் கலக்கின்றன. அந்தக் குழாய்கள் பழுதாகி, விரிந்து, சிறுநீரகத்தின் உட்குழிவில் உடைந்து திறந்துகொண்டால், அந்தப் பால் சிறுநீரோடு வெளியேறும். நெய்யும் எண்ணெயும் அதிகமாக உண்ட மறுநாள் வெள்ளையாவதும், உபவாச நாளில் தெளிவதும் இதனால்தான். கொழுப்போடு புரதமும் வீணாவதால் உடல் இளைக்கிறது.

நம் நாட்டில் இதற்கு முதன்மையான காரணம், யானைக்கால் நோயை உண்டாக்கும் அதே ஃபைலேரியா புழு. கால் வீங்கினால்தான் அந்த நோய் என்று நாம் பழகிவிட்டோம். கால் வீங்காமலே, கியூலெக்ஸ் கொசு கடித்துப் பல ஆண்டுகள் கழித்து, இந்த வடிவில் அது வெளிப்படுவது உண்டு. காவிரிப் படுகையின் ஊர்கள் நெடுங்காலமாக இந்நோய் நிலவிய பகுதிகளில் சேர்ந்தவை. இந்தப் புழுவின் குஞ்சுகளைப் பற்றிய தொடக்கக் கண்டுபிடிப்புகளில் ஒன்றே பால்சிறுநீரிலிருந்துதான் வந்தது. 1866-இல் பிரேசிலின் பஹியாவில் ஓட்டோ வூக்கரர் என்ற மருத்துவர் ஒரு நோயாளியின் சிறுநீரில் நூல்போன்ற அந்த உயிர்களைக் கண்டார். 1872-இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் அவற்றை ரத்தத்திலும் கண்டார்.

முதலில் இது பால்தானா என்று உறுதிப்படுத்த வேண்டும். பாஸ்பேட் உப்பு அதிகமானாலும் சிறுநீர் வெள்ளையாகும்; அசிட்டிக் அமிலம் சில துளி விட்டால் அது தெளிந்துவிடும். சீழாக இருந்தால் நுண்ணோக்கியில் தெரியும். ஈதர் சேர்த்துக் குலுக்கும்போது தெளிந்தாலோ, சிறுநீரில் ட்ரைகிளிசரைடு இருப்பதாக ஆய்வகம் சொன்னாலோ அது நிணநீர்ப் பால்தான். வெள்ளைப்படுதல் என்ற ஐயத்தைத் தீர்க்க, கழுவிய பின் நடுவில் வரும் சிறுநீரைப் பிடித்துக் கொடுத்தாலே போதும். ஃபைலேரியா குஞ்சுகள் இரவில்தான் தோலை ஒட்டிய ரத்தத்துக்கு வரும். அதனால் இரவு 10 மணிக்கு மேல் ரத்தம் எடுப்பார்கள். பகலிலேயே செய்யக்கூடிய ஆன்டிஜென் பரிசோதனையும் இருக்கிறது. இவை இரண்டிலும் ஒன்றும் தெரியாவிட்டாலும் நோய் இல்லையென்று ஆகிவிடாது. புழு அழிந்து, அது விட்டுச்சென்ற சேதம் மட்டும் மிச்சமிருக்கலாம்.

மருத்துவம் படிப்படியாகப் போகும். புழு இருப்பதாகத் தெரிந்தால் டி.இ.சி. மாத்திரை தருவோம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு 1947-இல் தந்த மருந்து அது. 2004 முதல் நாட்டில் இந்நோய் நிலவிய மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை மக்களுக்கு வழங்கப்பட்டுவந்ததும் இதுவே. அந்த நாளில் மாத்திரையை வாங்கி அலமாரியில் போட்டுவிடும் வழக்கம் நம்மிடம் இருந்ததை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அடுத்தது உணவு. எண்ணெய், நெய், தேங்காய், வறுவல் ஆகியவற்றை வெகுவாகக் குறைத்து, பருப்பு, முட்டை வெள்ளைக்கரு, கொழுப்பு நீக்கிய பால் ஆகியவற்றால் புரத இழப்பை ஈடுசெய்ய வேண்டும். எம்.சி.டி. எண்ணெய் என்று கடையில் கிடைப்பது நிணநீர் வழியே போகாமல் நேராகக் கல்லீரலுக்குச் செல்வதால் உணவியல் நிபுணர் அதைப் பரிந்துரைக்கலாம். சமையலுக்கு நாம் வாங்கும் தேங்காயெண்ணெய் அதற்கு ஈடாகாது. கணிசமானோருக்கு இவ்வளவிலேயே கசிவு நின்றுவிடுகிறது. நிற்காவிட்டால், முந்தைய இரவு கொழுப்பு மிகுந்த உணவு கொடுத்து, மறுநாள் உள்நோக்கியால் எந்தப் பக்கச் சிறுநீரகத்திலிருந்து பால் வருகிறது என்று பார்த்து, அந்தப் பக்கம் நீர்த்த போவிடோன் அயோடின் கரைசலைச் செலுத்தி, உடைந்த நிணநீர்க் குழாய்களை வடுவாக்கி அடைப்போம். அதற்கும் அடங்காத மிகச் சிலருக்கே லேப்ராஸ்கோப்பி அறுவை தேவைப்படும்.

இது ஒரே நாளில் உயிரைப் பறிக்கும் நோயல்ல. ஆனாலும் பால் உறைந்து கட்டியாகிப் பாதையை அடைத்துச் சிறுநீர் நின்றுபோனால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதை உங்கள் மனைவிக்குச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: பக்கவாதத்தில் படுத்திருக்கும் என் அப்பாவுக்கு ஆறு மாதமாகச் சிறுநீர் வடியக் கதீட்டர் குழாய் இருக்கிறது. நேற்றிலிருந்து சிறுநீர் வடியும் பிளாஸ்டிக் பை முழுவதும் ஊதா நிறமாகிவிட்டது. காய்ச்சல் இல்லை, நன்றாகத்தான் சாப்பிடுகிறார். வீட்டில் எல்லோரும் பயந்துபோய் இருக்கிறோம். (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: பார்க்க அச்சமூட்டினாலும், உங்கள் அப்பாவுக்குக் காய்ச்சலோ மயக்கமோ தடுமாற்றமோ இல்லாதவரை இதில் பெரிய ஆபத்து இல்லை. உணவிலுள்ள டிரிப்டோஃபேன் என்ற சத்தைக் குடல் கிருமிகள் சிதைக்கின்றன. கல்லீரலில் மாற்றமடைந்து சிறுநீருக்கு வரும் அந்தப் பொருளை, கதீட்டரில் குடியேறிய கிருமிகள் நீலமாகவும் சிவப்பாகவும் மாற்றுகின்றன. இரண்டும் சேர்ந்து பிளாஸ்டிக் பையில் ஊதாவாகப் படிகின்றன. அந்த நீலம் வேறெதுவுமில்லை. அவுரிச் செடியிலிருந்து நம் முன்னோர் துணிக்கு எடுத்த அதே இண்டிகோதான். மலச்சிக்கல் உள்ளவர்களுக்கே இது அதிகம் வருகிறது. எனவே கதீட்டரையும் பையையும் புதிதாக மாற்றி, மலம் தினமும் இளகிப் போகச் செய்யுங்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும். நிறத்தைப் பார்த்து மட்டும் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டாம். ஆறு மாதத்தில் கதீட்டர் எத்தனை முறை மாற்றப்பட்டது என்று நீங்கள் எழுதவில்லை. ரப்பர் கதீட்டரை இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள்ளும், சிலிக்கான் கதீட்டரை அதிகபட்சம் பன்னிரண்டு வாரத்துக்குள்ளும் மாற்ற வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது 34. எட்டு மாதமாக நீர்க்கடுப்பு. இரவில் ஆறேழு முறை எழுகிறேன். சிறுநீரில் சீழணுக்கள் இருப்பதாகச் சொல்லி ஐந்து முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். கல்ச்சரில் ஒவ்வொரு முறையும் "கிருமி வளரவில்லை" என்றே வருகிறது. மாலையில் லேசான காய்ச்சல், ஆறு கிலோ குறைந்துவிட்டேன். (வாசகி, வேலூர்)

பதில்: சீழணு இருக்கிறது, கிருமி வளரவில்லை என்ற இரண்டும் சேர்ந்து திரும்பத் திரும்ப வந்தால், நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது சிறுநீர் மண்டலக் காசநோய். சாதாரணக் கல்ச்சரில் காசநோய்க் கிருமி வளராது. அதற்குத் தனி ஊடகமும் வாரக்கணக்கில் பொறுமையும் வேண்டும். இளைப்பும் மாலைக் காய்ச்சலும் இந்த ஐயத்தை வலுவாக்குகின்றன. நுரையீரலில் என்றோ வந்து அடங்கிய கிருமி, ரத்தம் வழியாகச் சிறுநீரகத்தில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்து விழித்திருக்கலாம். எனவே இருமல் இல்லையே என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது.

அடுத்தடுத்து மூன்று முதல் ஐந்து நாள்களில், விடியற்காலையில் வரும் முதல் சிறுநீர் முழுவதையும் சுத்தமான கலத்தில் பிடித்துக் கொடுங்கள். அதிலேயே சிபிநாட் எனப்படும், கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை செய்தால் சில மணி நேரத்தில் விடை கிடைக்கலாம்; கல்ச்சர் பின்னர் அதை உறுதிப்படுத்தும். நீங்கள் சாப்பிட்ட ஐந்து மருந்துகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். லீவோஃபிளாக்சசின் போன்ற மருந்துகள் காசநோய்க் கிருமியை அரைகுறையாக அடக்கி, பரிசோதனையில் சிக்காமல் மறைத்துவிடும். காரணம் தெரியாமல் ஆறாவது முறையும் அதே வகை மருந்தை எழுத வந்தால், எதற்காக என்று தயங்காமல் கேளுங்கள். சி.டி. ஸ்கேன் சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேரும் கிண்ணங்கள் சிதைந்திருக்கிறதா, சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் குழாய் சுருங்கியிருக்கிறதா என்று காட்டும். காசநோய் இல்லையென்று உறுதியானால் கல், பாலுறவு வழித் தொற்று, பையின் உட்சுவர்ப் புற்று, நாள்பட்ட வலியுள்ள சிறுநீர்ப்பை நோய் என்று அடுத்தடுத்துத் தேட வேண்டியிருக்கும்.

காசநோய்தான் என்றால் குறைந்தது ஆறு மாத மருத்துவம். அரசுத் திட்டத்தில் மருந்துகள் இலவசம். ரிஃபாம்பிசின் தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அது இந்த மருந்தோடு பலனிழந்துவிடும் என்பதால் வேறு முறைக்கு மாறுங்கள். இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். புண் ஆறும்போது வடு சுருங்கும். மருந்தால் காய்ச்சல் நின்று எடை ஏறிக்கொண்டிருக்கும் அதே வாரங்களில், சுருங்கிய குழாய்க்கு மேலே சிறுநீரகம் வீங்கி, வலியே இல்லாமல் செயலிழந்துபோவதுண்டு. நலமாக இருக்கிறேன் என்று தோன்றினாலும், தொடங்கிய சில வாரங்களுக்குள்ளும் பின்னர் அவ்வப்போதும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: நான் துபாயில் கட்டட வேலை செய்கிறேன். சென்ற விடுப்பில் ஊருக்கு வந்தபோது சிறுநீர்க்குழாய்க் கல்லுக்குச் சிகிச்சை செய்து, உள்ளே ஒரு டியூப் வைத்தார்கள். ஒரு மாதத்தில் எடுக்க வரச் சொன்னார்கள். விடுப்பு முடிந்ததால் திரும்பிவிட்டேன். 11 மாதமாகிறது. வெயிலில் வேலை செய்தால் சிறுநீர் சிவப்பாகிறது, இடுப்பு வலிக்கிறது. வாழைத்தண்டுச் சாறு குடித்தால் போதுமா? (வாசகர், இராமநாதபுரம்)

பதில்: உங்கள் உடலில் இருப்பது டி.ஜே. ஸ்டென்ட் என்ற மென்மையான குழாய். சிறுநீரகத்தில் ஒரு சுருளும் பையில் ஒரு சுருளுமாக அமர்ந்து, வீங்கிய பாதை அடைபடாமல் சில வாரம் காப்பதற்கு மட்டுமே அது. மூன்று மாதத்துக்கு மேல் போனால் அதன்மேல் உப்பு படிந்து, அதுவே கல்லாக மாறத் தொடங்கும். வெயிலில் வேர்த்துச் சிறுநீர் அடர்த்தியாகும் உங்களைப் போன்றவர்களுக்கு அது இன்னும் விரைவாக நடக்கும். கல்லை எடுத்துவிட்டார்கள், வலியும் போய்விட்டது, இனி என்ன என்று நினைத்து விமானம் ஏறிய பலரை நான் அறிவேன். அவர்களில் சிலர் ஒரு சிறுநீரகத்தை இழந்தே திரும்பினார்கள். குடும்பத்துக்காக வெயிலில் உழைக்கப் போனவருக்கு இந்த இழப்பு நேரவே கூடாது.

வாழைத்தண்டில் நீரும் பொட்டாசியமும் உண்டு. ஆனால் ஸ்டென்டின் மேல் படிந்த உப்பை அது கரைக்காது. பெரும்பாலான சிறுநீரகக் கற்கள் கால்சியம் ஆக்சலேட் கற்கள். அவற்றைக் கரைக்கும் சாறோ மாத்திரையோ இல்லை. யூரிக் அமிலக் கல் ஒன்றுதான் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் பொட்டாசியம் சிட்ரேட் போன்ற மருந்துகளால் கரையும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகியிருந்தால் பொட்டாசியம் மிகுந்த எந்தச் சாறும் இதயத்துக்கே கேடு செய்யும். கல்லுக்கு நல்லதென்று பிலிம்பிக்காய்ச் சாற்றைக் குடிப்பவர்களையும் இங்கே எச்சரிக்கிறேன். ஆக்சலேட் மிகுந்த அந்தச் சாற்றைச் செறிவாகக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்த நிகழ்வுகள் கேரளத்தில் பதிவாகியிருக்கின்றன.

நீங்கள் அங்கேயே, அல்லது அவசர விடுப்பில் ஊருக்கு வந்து, உடனே எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும், சிறுநீர்க் கல்ச்சரும் கிரியாட்டினினும் பாருங்கள். உப்பு படியாமலிருந்தால் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். படிந்திருந்தால் யாரும் இழுத்துப் பார்க்கக் கூடாது. குழாய் அறுந்துபோகும், சிறுநீர்க்குழாயே கிழிந்துபோகலாம். லேசர், வெளியிலிருந்து செலுத்தும் அதிர்வலை, முதுகில் சிறு துளையிட்டுச் செய்யும் சிகிச்சை எனச் சில வேளை இரண்டு மூன்று முறையில்தான் அதை விடுவிக்க முடியும். நடுவில் குளிர்காய்ச்சல் வந்துவிட்டால் விமானச் சீட்டுக்குக் காத்திருக்காதீர்கள். அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி புகுந்திருப்பதன் அடையாளம் அது. அன்றே வடிக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து. பின்னர் மீண்டும் கல் வராமலிருக்க, நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள்; கட்டட வேலைக்கு அது நான்கு லிட்டருக்கும் மேலாகலாம். உப்பைக் குறையுங்கள். பாலையும் தயிரையும் நிறுத்த வேண்டாம். உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வைத்துவிடும்.

கேள்வி: வயது 68. புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறேன். பகலில் பரவாயில்லை, இரவில் மட்டும் ஐந்து முறை எழுகிறேன். அறுவை செய்துகொள்ளலாமா? அடுத்த மாதம் கண்புரை அறுவையும் இருக்கிறது. புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ. 5.2 என்று வந்திருக்கிறது. (வாசகர், திருச்சி)

பதில்: கண் மருத்துவரிடம் டாம்சுலோசின் சாப்பிடுவதை இன்றே சொல்லிவிடுங்கள். அந்த மருந்து கண்ணின் கருவிழித் திரையைத் தளர்த்திவிடுவதால் அறுவையின் நடுவே அது மடங்கி இடையூறு செய்யும். முன்கூட்டித் தெரிந்தால் அவர் அதற்கேற்ப ஆயத்தமாக இருப்பார். இப்போது மருந்தை நிறுத்துவதால் மட்டும் அந்தச் சிக்கல் நீங்கிவிடாது.

அறுவையை முடிவு செய்யும் முன், மூன்று நாள் ஓர் அளவுக் குவளையில் ஒவ்வொரு முறையும் எவ்வளவு சிறுநீர் போகிறது என்று நேரத்தோடு குறித்து வையுங்கள். ஒரு நாளில் போகும் மொத்தச் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவிலேயே போகிறதென்றால், குற்றம் புராஸ்டேட்டில் இல்லை. அதை அறுவை செய்தாலும் இரவு விழிப்பு தீராது. பகலில் காலில் தேங்கும் நீர் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்புவது, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்க நோய், கட்டுப்படாத சர்க்கரை, இரவு உணவுக்குப் பின் குடிக்கும் காப்பி ஆகியவற்றைத் தேட வேண்டும். மாறாக, ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகப் போய், ஸ்கேனில் போன பிறகும் பையில் நீர் மிஞ்சுகிறதென்றால் புராஸ்டேட்டுக்கான சிகிச்சை பயன் தரும்.

பி.எஸ்.ஏ. 5.2 என்பதைப் புற்றுநோய்த் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரிதான சுரப்பியே அதை உயர்த்தும். அண்மையில் தொற்றோ கதீட்டரோ இருந்திருந்தாலும் உயரும். ஏறத்தாழ ஆறு வாரம் கழித்து மீண்டும் பார்த்து, அப்போதும் உயர்ந்திருந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்து, தேவையானால் மட்டும் திசு எடுத்துப் பார்ப்பார்கள். சுரப்பியைச் சுருக்கும் ஃபினாஸ்டெரைடு அல்லது டூட்டாஸ்டெரைடு கலந்த மாத்திரையைச் சில மாதங்களாகச் சாப்பிட்டுவந்தால் அந்த எண்ணை இரண்டால் பெருக்கிப் பார்க்க வேண்டும். சளிக்காகக் கடையில் மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். மூக்கடைப்பைத் திறக்கும் மருந்து புராஸ்டேட் உள்ளவர்களுக்குச் சிறுநீரை அடைத்துவிடும்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை, வயது 43. இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது. வகுப்பில் அவமானமாகிவிடுமோ என்று காலை முதல் தண்ணீரே குடிப்பதில்லை. (வாசகி, நாகர்கோவில்)

பதில்: தண்ணீரைக் குறைப்பதால் கசிவு நிற்காது, கல்லும் தொற்றும்தான் கூடுதலாக வரும். பிரசவத்தில் தளர்ந்த இடுப்புத்தளத் தசையை வலுப்படுத்துவதே முதல் மருத்துவம். வாயு பிரியாமல் அடக்கும்போது எந்தத் தசையை இறுக்குகிறீர்களோ அதை எட்டு முதல் பத்து நொடி இறுக்கிப் பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்துங்கள். ஒரு வேளைக்கு எட்டு முறையாவது, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். மூச்சை அடக்காதீர்கள், சிறுநீரை நடுவில் நிறுத்திப் பயிற்சி செய்யாதீர்கள். எடையைக் குறைப்பதும் நாள்பட்ட இருமலுக்கு மருத்துவம் செய்வதும் உதவும். மூன்று மாதத்தில் குறையாவிட்டால், சிறு பட்டை வைத்துத் தாங்கும் அறுவை நல்ல பலன் தருகிறது.

கேள்வி: என் மூத்த மகனுக்கு 14 வயது. இரவு 11 மணிக்கு அடிவயிறு வலிக்கிறது என்றான், வாந்தி எடுத்தான். ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தேன். மறுநாள் பகலில்தான் விரை வீங்கியிருப்பதை அப்பாவிடம் சொன்னான். மருத்துவமனையில் அது முறுக்கிக்கொண்டு அழுகிவிட்டதாகச் சொல்லி எடுத்துவிட்டார்கள். மற்றதையும் தைத்திருக்கிறார்கள். அவனுக்குக் குழந்தை பிறக்குமா? நான்தான் கெடுத்துவிட்டேனா? (வாசகி, தென்காசி)

பதில்: உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: நீங்கள் கெடுக்கவில்லை. விரைக்கும் அடிவயிற்றுக்கும் நரம்புத் தொடர்பு இருப்பதால் வலி வயிற்றில்தான் தெரிகிறது. கூச்சத்தால் கீழே வலிப்பதைப் பிள்ளைகள் சொல்வதில்லை. வயிற்றை மட்டும் தொட்டுப் பார்த்து மாத்திரை கொடுத்து அனுப்பிய மருத்துவர்களும் உண்டு. இந்த நோயைப் பற்றி யாரும் பெற்றோருக்குச் சொல்லி வைக்காததுதான் குறை. அந்தக் குறையில் எங்களுக்கும் பங்கு உண்டு.

சில பையன்களுக்கு விரை அதன் உறையோடு சரியாக ஒட்டாமல், மணிக்குள் தொங்கும் நாக்கைப்போலத் தொங்கும். அது சுழன்றால் ரத்தக் குழாயும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். வலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்து பிரித்தால் 90 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றலாம். நேரம் ஏற ஏற வாய்ப்பு குறைந்து, 24 மணி நேரத்துக்குப் பின் பத்தில் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. அதனால்தான் அறிகுறி தெளிவாக இருக்கும்போது ஸ்கேனுக்குக்கூடக் காத்திராமல் அறுவை அரங்குக்குக் கொண்டுசெல்கிறோம். அந்த அமைப்பு பெரும்பாலும் இரு பக்கமும் இருப்பதால், மற்றதும் சுழலாதபடி தைத்திருக்கிறார்கள். சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

நல்ல நிலையில் உள்ள ஒரு விரையே ஆண்மைக்கான ஹார்மோனுக்கும் குழந்தைப் பேற்றுக்கும் பொதுவாகப் போதுமானது. மீசை முளைப்பதிலோ குரல் மாறுவதிலோ அவனுக்குக் குறை வராது. கிரிக்கெட்டோ கபடியோ ஆடும்போது காப்பு அணியட்டும். வளர்ந்த பிறகு தோற்றம் குறித்து அவனுக்கு மனக்குறை இருந்தால் சிலிக்கான் விரை பொருத்திக்கொள்ளலாம். அதை அவனே முடிவு செய்யட்டும். இப்போது அவனிடம் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள், குறிப்பாக அவன் அப்பா பேசட்டும்.

மூத்த மகன் என்று எழுதியிருப்பதால் இளையவனும் இருப்பான் என்று எண்ணுகிறேன். சில குடும்பங்களில் உடன்பிறந்தவர்களுக்கும் இதே அமைப்பு இருப்பதுண்டு. திடீரென்று வந்து தானே விட்டுவிடும் விரைவலி அவனுக்கு எப்போதாவது வந்திருக்கிறதா என்று கேளுங்கள்; வந்திருந்தால் முன்கூட்டியே தைத்துக் காத்துவிடலாம். வந்ததில்லை என்றால், நள்ளிரவானாலும் அந்த வலியைச் சொல்லி உங்களை எழுப்ப வேண்டும் என்று இன்றே அவனிடம் சொல்லி வையுங்கள்.